பிரேமிளாவின் குப்பி

பல்கலைக்கழகத்தில் யார் படிப்பிக்கிறார்கள் என்று வெளியாள் கேட்டால் விரிவுரையாளர்களின் பெயர்களைச் சொல்லுவோம். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், பாதிப் படிப்பு குப்பியில்தான் ஓடுகிறது என்று. பரீட்சை நெருங்கியதும், விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, தங்கள் பாஷையில், தங்கள் கிண்டலோடு சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்குப் பெயர்தான் குப்பி. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும் கிடைத்தால் பெரிய காரியம். ஆனால் மரியாதை உண்டு. அந்த மரியாதை இருக்கிறதே, அது பொல்லாத சாமான்.

மின், கணினிப் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவின் மூன்றாம் வருடத்தில், தமிழில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள் எட்டுப் பேர். விரிவுரை எல்லாம் ஆங்கிலம். ஆய்வுகூடத்தில் கருவிகளைக் காட்டித் தருகிறவர் பாதிக்கு மேல் சிங்களத்தில் பேசுவார். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு முழித்தவர்களுக்கு வாய்த்த ஆள் பிரேமிளா. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு அறையில் போர்டிங். கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும். மற்ற ஏழு பேரும் அவளை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். முதலில் பகிடிக்குத்தான் தொடங்கினார்கள், பிறகு பழகிவிட்டது. "அப்படிக் கூப்பிடாதீங்க" என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், நூலகத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்து மேசையில் குப்பி நடந்தது. பாடம் மின் மோட்டர். சங்கதி பெரிய கஷ்டம் இல்லை. மோட்டருக்குள் மூன்று சுருள்கள் இருக்கும். அவற்றை லைனோடு இரண்டு விதமாகப் பூட்டலாம். ஸ்டார் என்ற முறையில் பூட்டினால் லைனின் வோல்ட் முழுசாகப் போகாது, ஒவ்வொரு சுருளுக்கும் குறைந்துதான் போகும். டெல்டா என்பது முக்கோணம் மாதிரி. அதில் பூட்டினால் முழு வோல்ட்டும் சுருளின் தலையில் இறங்கும். எந்த மோட்டருக்கு எது என்று அதன் உடம்பில் அடித்திருக்கும் தகட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தாங்காத சுருளுக்கு டெல்டா போட்டால் மோட்டர் புகைந்து போகும்.

பிரேமிளா போன வருட வினாத்தாளில் வந்த மோட்டரைச் செய்து காட்டினாள். அது நானூறு வோல்ட் தாங்கும் சுருள். அதற்கு டெல்டாதான் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். குப்பி கொடுக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் ஒரே வரியில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். கேட்கிறவன் "அட, இவ்வளவுதானா!" என்று வாயைப் பிளக்க வேண்டும்.

"இங்க பாருங்க, நம்ம நாட்டு லைன் நானூறு. தகட்டுல எங்கயாச்சும் நானூறு தெரிஞ்சா கண்ண மூடிக்கிட்டு டெல்டா போடுங்க. வேற யோசிக்கவே வேணாம்."

யாழ்ப்பாணத்துக் கிருஷாந் பேனையைக் கடித்துக்கொண்டு கேட்டான். "தகட்டில இருநூற்று முப்பதும் நானூறும் ரெண்டும் கிடந்தா?"

"அதுலயும் நானூறு இருக்குல்ல? டெல்டாதான்."

அப்படிச் சொன்னபோது அவளுக்குச் சந்தேகம் கொஞ்சம்கூட இருக்கவில்லை. அதுவரை அவள் மேல் பழி சொல்ல ஏதும் இல்லை. பிழை யாருக்கும் வரும்.

காரணம் எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் கை நடுங்குகிறவர்களுக்காக அவள் எப்போதும் ஒரு வசனம் செய்து கொடுப்பாள். எல்லோரும் அதை அப்படியே பாடமாக்குவார்கள். அன்றும் இருநூற்று முப்பது, நானூறு மோட்டருக்கு ஏன் டெல்டா என்று நீளமான, அழகான ஒரு வசனம் சொன்னாள். பக்கத்தில் ஒரு முக்கோணமும் போட்டுக் காட்டினாள். மடவளையிலிருந்து வருகிற றலியா அதைக் கலிமா ஓதுகிற பிள்ளை மாதிரி வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "பிரேமி, இது மட்டும் வந்தா நான் தப்பிச்சேன்" என்றாள்.

பிரேமிளாவுக்கு விஷயம் வெளித்தது அடுத்த நாள் காலையில். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, வேறு வேலையில்லாமல், அந்த மோட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கணக்குப் போட்டாள். விடை கூடிப் போனது. திரும்பப் போட்டாள். அப்போதும் கூடத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தகட்டில் இரண்டு எண் இருந்தால் சின்ன எண்தான் சுருள் தாங்குவது. இருநூற்று முப்பது தாங்குகிற சுருளுக்கு நானூறை ஏற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மோட்டர் எரியும். ஸ்டார்தான் போட வேண்டும். உயர்தரத்துப் பிள்ளைகூட விடாத பிழை.

உடனே போனை எடுத்தாள். எட்டுப் பேருக்கும் பொதுவான வட்ஸ்அப் குழுவில், 'நேத்து சொன்னதுல ஒரு பிழை' என்று எழுதினாள். அனுப்பவில்லை. அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள்.

அவளுக்கு அப்போது தோன்றிய நியாயங்கள் ஒன்றிரண்டல்ல. போன வருடம் வந்த கேள்வி இந்த வருடம் வராது. இப்போது போய்ப் பிழை என்றால், சரியாகச் சொன்னதையும் சேர்த்துச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் குழப்பிக்கொள்வார்கள். பரீட்சைக் காலையில் ஒருவரையும் பதற வைக்கக் கூடாது. எல்லாம் நல்ல நியாயங்கள். ஒன்றும் உண்மை இல்லை. உண்மை என்னவென்றால், இவ்வளவு சின்னப் பிழையை விட்டவள் என்று அந்த ஏழு பேருக்கும் தெரிவதை அவளால் தாங்க முடியவில்லை. தன்னைவிட அவர்கள் குறைவாக எடுத்தால் என்ன என்ற நினைப்பு வரவேயில்லை என்று அவளுக்காக நான் சத்தியம் பண்ண மாட்டேன். வந்திருந்தாலும் வாசலோடு நின்றிருக்கும். ஆனால் மிஸ் பட்டத்தை இழக்க அவள் தயாராக இல்லை. போனைப் பைக்குள் போட்டாள்.

பஸ்ஸில் றலியா பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தாள். மடவளையிலேயே ஏறிவிடுவதால் அவளுக்கு எப்போதும் இடம் கிடைக்கும். பாலத்தடியில் வாகன நெரிசல். மகாவலி கலங்கி ஓடியது. றலியா அந்த வசனத்தை ஒரு தடவை மூச்சு விடாமல் ஒப்புவித்துவிட்டுத் திரும்பினாள்.

"பிரேமி, எனக்கு என்னமோ மனசுல ஒரு இது. சுருள் இருநூத்தி முப்பது தானே தாங்கும்? அதுக்கு நானூறக் குடுத்தா ஒண்டும் ஆகாதா?"

கேள்வி நேராக வந்து விழுந்தது. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் பார்க்காததை, மின் பாடத்தில் போன செமஸ்டரில் தட்டுத்தடுமாறிப் பாசானவள் பார்த்துவிட்டாள். "ஆமா றலியா, நான்தான் பிழையா சொல்லிட்டேன்" என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கடவுளே எடுத்துக் கொடுத்த மாதிரியான இடம்.

"ஒண்ணும் ஆகாது. நான் சொன்னதையே எழுது" என்றாள் பிரேமிளா.

"நீ சொன்னாச் சரி" என்று றலியா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வினாத்தாளில் மூன்றாவது கேள்வி அதுவேதான். தகட்டில் இருநூற்று முப்பதும் நானூறும். எப்படிப் பூட்டுவீர், ஏன்? இருபது புள்ளி. முன் வரிசையில் றலியா, கேள்வியைக் கண்டதும் தோளைக் குலுக்கிக்கொண்டு சந்தோஷமாகக் குனிந்து எழுதத் தொடங்கினாள். பிரேமிளாவின் கையும் எழுதியது. ஸ்டார் என்று எழுதியது. காரணத்தையும் சரியாக எழுதியது. தான் இவ்வளவு பேருக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தானே எழுதவில்லை என்பது அவளுக்கு அந்த நிமிடமே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் டெல்டா என்று எழுதப் பேனை போகவில்லை. இருபது புள்ளி ஆயிற்றே.

விடைத்தாள் திருத்தியவர் ஏக்கநாயக்க சேர். கண்டிக்காரர், நேர்மையான மனிதர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயம். ஏழு விடைத்தாள்களில் ஒரே பிழை, ஒரே வசனம், சொல்லுக்குச் சொல் மாறாமல், பக்கத்தில் ஒரே மாதிரி முக்கோணம். ஏழும் தமிழில் படித்து வந்த பிள்ளைகளின் பெயர்கள். மனுஷன் என்னத்தை நினைப்பார்? பார்த்தெழுதினார்கள் என்று நினைத்தார். அல்லது கேள்வி முன்கூட்டியே கசிந்திருக்க வேண்டும், யாரோ விடையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஏழு பேரையும் விசாரணைக்கு வரச் சொல்லி அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். குற்றம் உறுதியானால் ஒரு வருட வகுப்புத் தடை. அடுத்த மாதம் தொடங்க இருந்த தொழிற்சாலைப் பயிற்சியும் போய்விடும்.

பிரேமிளாவின் பெயர் பலகையில் இல்லை.

கன்டீனில் எட்டுப் பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிளேன்டீ ஆறியது, யாரும் தொடவில்லை. கிருஷாந்தான் பேசினான்.

"ஒருத்தரும் பிரேமிளான்ர பேரை எடுக்கக் கூடாது. விளங்குதோ? ஒரு ஆள் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது, அதே கேள்வி அப்பிடியே வந்தது எண்டால், பேப்பர் எங்கால கிடைச்சது எண்டுதான் கேப்பினம். பிறகு அவதான் மாட்டுப்படுவா. நாங்கள் சேர்ந்து படிச்சனாங்கள் எண்டு மட்டும் சொல்லுவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நாவலப்பிட்டிப் பக்கத்து ஜனகன், எந்த நேரமும் சிரிப்புக் காட்டுகிறவன், "மிஸ்ஸ காட்டிக் குடுத்தா அடுத்த செமஸ்டருக்கு யாரு குப்பி குடுக்கிறது?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"நானும் வந்து சொல்றேன்" என்றாள் பிரேமிளா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உமக்கென்ன விசரோ? உம்மட பேப்பர் மட்டும் அவற்ர கண்ணில படேல்லைப் போல. அது உம்மட அதிர்ஷ்டம். பேசாமல் இரும்" என்றான் கிருஷாந்.

அவள் பேப்பரிலும் அதே பிழைதான் இருக்கிறது என்று அவன் நம்பினான். எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் திருத்த அவளுக்கு வாய் வரவில்லை. தன்னை ஒளித்துவைக்க ஏழு பேர் ஒரு வருடத்தைப் பணயம் வைக்கிறார்கள், தான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் றலியாவுக்குப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. மோட்டர் பராமரிப்புப் பிரிவு. "பொம்புளப் புள்ள மோட்டர் கழட்டவா போற?" என்று அவளுடைய அண்ணன், நானா, சிரித்தாராம். வாப்பாதான், "கழட்டட்டும், நம்மட தண்ணி மோட்டரையும் பாத்துக்குவாள்" என்று அவள் பக்கம் நின்றாராம். தடை விழுந்தால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேமிளாவின் பக்கம் திரும்பினாள். "நீ வருத்தப்படாத. நீ வேணுமெண்டா பிழையாச் சொன்ன?" என்றாள். அந்த ஆறுதலைக் கேட்க பிரேமிளாவால் முடியவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போர்டிங் அக்கா காய்ச்சலா என்று கேட்டார். விசாரணை நாளன்று, ஏழு பேரும் உள்ளே போன பிறகு, நடைபாதையில் நின்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பிறகு கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே போனாள்.

ஏக்கநாயக்க சேர் மேசைக்குப் பின்னால். முன்னால் ஏழு பேரும் வரிசையாக, நின்றபடி. கிருஷாந் அவளைக் கண்டதும் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று.

"சேர், இவங்க யாரும் கொப்பி அடிக்கல. நான்தான் குப்பியில பிழையா சொல்லிக் குடுத்தேன். அந்த வசனம் என்னோடது. படமும் என்னோடது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். பாதி வழியில் ஆங்கிலம் கைவிட்டது. மிச்சத்தை உடைந்த சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

சேர் அவளைப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"பிரேமிளா. மூன்றாவது கேள்வி. ஸ்டார். இருபதுக்கு இருபது." அவர் தாளை மேசையில் வைத்தார். "அவர்களுக்கு டெல்டா என்று சொல்லிக் கொடுத்தவர் நீர். உமது விடை மட்டும் எப்படிச் சரியாயிற்று?"

கிருஷாந் திரும்பி அவளைப் பார்த்தான். ஜனகனும் பார்த்தான். இப்படி ஒரு கேள்வி வரும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. ஒப்புக்கொள்ளப் போகிறோம் என்ற பெருமிதத்தில், மீதிப் பாதியை ஒளித்துவைத்துக்கொண்டுதான் வந்தோம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"எப்போது தெரிந்தது?" என்று சேர் மறுபடி கேட்டார்.

"ஹோலுக்குள்ள சேர். கேள்வியப் பார்த்தப்போ."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அது நன்றாகவே இருந்தது. யாரும் பிழை சொல்ல முடியாத பதில். பரீட்சை மண்டபத்தில் எழுந்து நின்று கத்தவா முடியும்?

சேர் அதோடு விடவில்லை. "நான் இங்கே நிறைய வருடங்களாக இருக்கிறேன். மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளத் தெரிந்தே பிழையாகச் சொல்லிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நீர் அப்படிச் செய்யவில்லை என்று நான் எப்படி நம்புவது?"

அப்போதுதான் றலியா முன்னால் வந்தாள். றலியாவின் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். மடவளைச் சந்தியில் பிறந்து வளர்ந்தவள்.

"சேர், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பரீட்சைக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். எனக்கு இந்த டெல்டா விஷயத்திலேயே சந்தேகம் வந்து அவளிடம் கேட்டேன். சரிதான், அதையே எழுது என்றாள். அவளுக்கு அப்போது தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். என்னிடம் அவள் பொய் சொல்ல மாட்டாள். வல்லாஹி சேர், ஹோலுக்குள் போகும்வரை அவளுக்குத் தெரியாது."

வல்லாஹி என்றால் அல்லாஹ்வின் மேல் ஆணை. கண்டியில் பிறந்தவருக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. றலியாவின் முகத்தை ஏக்கநாயக்க சேர் பார்த்தார். பிறகு பேனையை மூடினார்.

"சரி. சத்தியம் பண்ணுகிற பிள்ளையை நான் நம்புகிறேன். இது பார்த்தெழுதியது இல்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் உங்களுக்குப் புள்ளி இல்லை. போங்கள். இனிமேல் பாடமாக்காமல் யோசித்து எழுதுங்கள்."

வெளியே வந்ததும் ஜனகன் சந்தோஷத்தில் ஊளையிட்டான். கிருஷாந் பிரேமிளாவின் முன்னால் வந்து நின்று, "நான் ஒரு நிமிஷம் உம்மைப் பிழையா நினைச்சுப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளும். ஹோலுக்குள்ள தெரிஞ்சு நீர் என்ன செய்யிறது?" என்றான். வகுப்புத் தடை இல்லை, பயிற்சி போகவில்லை, இருபது புள்ளிதானே, போனால் போகட்டும். எல்லோரும் கன்டீனுக்கு ஓடினார்கள். "மிஸ்ஸுக்கு இண்டைக்கு எங்கட செலவு" என்று கிருஷாந் திரும்பிக் கத்தினான்.

றலியா மட்டும் பிரேமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "உம்மாக்கு இப்பவே கோல் எடுக்கணும். ரெண்டு நாளா அழுதுட்டு ஈக்கிறா" என்று போனைத் தேடினாள்.

பிரேமிளா நினைத்திருந்தால் அப்படியே நடந்து போயிருக்கலாம். தெரிந்தது அவளுக்கு மட்டும். இனி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கையைப் பிடித்திருந்த அந்தக் கை சூடாக, நம்பிக்கையாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"றலியா, ஹோலுக்குள்ள இல்ல."

"என்னது?"

"எனக்கு ஹோலுக்குள்ள தெரியல. காலையிலேயே தெரிஞ்சிருச்சு. பஸ்ஸுல நீ கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

றலியாவின் சிரிப்பு உடனே போகவில்லை. விளங்க நேரம் எடுத்தது. பிறகு கையை விட்டாள். கோபப்பட்டு விடவில்லை, மறந்து போய் விட்டவள் மாதிரி.

"ஏன்?"

"பிழை விட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. நீங்க எல்லாம் மிஸ், மிஸ்ன்னு... கேள்வி வராதுன்னு நெனச்சேன். என்னைய அடிச்சாலும் பரவால்ல றலியா."

றலியா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எனக்குப் பொய் சொன்ன. அது போகட்டும். அது எனக்கும் உனக்கும் நடுவுல ஈக்கிற விஷயம். ஆனா நான் அங்க போய் சத்தியம் பண்ணிட்டேனே, பிரேமி."

"உனக்குத் தெரியாதுல்ல. தெரியாம சொன்னது எப்பிடி தப்பாகும்?"

"தெரியாமப் பண்ணினதுக்குக் குத்தம் இல்ல. எனக்கும் தெரியும். ஆனா இப்பத் தெரிஞ்சிட்டு. இனிமே அதை அப்படியே விட்டுட்டுப் போய் ரோல்ஸ் தின்ன என்னால ஏலா. சேர் நம்பினது என்ட பேச்சை இல்ல, அல்லாஹ்ட பேரை." எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். "நான் போய்ச் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி. சொல்லாட்டி என்ட சத்தியம் பொய். நீ என்னை எங்க கொண்டு வந்து விட்டிருக்கிற எண்டு பாரு."

பிரேமிளாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இருபது புள்ளி, வகுப்புத் தடை, இவற்றையெல்லாம் அவள் கணக்கில் எடுத்திருந்தாள். இதை எடுக்கவில்லை. நல்லவள் ஒருத்தியின் வாயை இரவல் வாங்கித் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

"நீ போக வேணாம். நானே சொல்றேன்" என்றாள். "ஆனா கூட வா."

கதவடி வரைக்கும் றலியா வந்தாள். உள்ளே வரவில்லை.

ஏக்கநாயக்க சேர் பையை மூடிக்கொண்டிருந்தார். பிரேமிளா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தேத்தண்ணி, கணக்கு, எழுதி அழித்த செய்தி, பஸ், கேட்ட கேள்வி, சொன்ன பொய். ஆங்கிலம் திணறியது, சிங்களம் திணறியது. திணறினாலும் ஒன்றையும் விடவில்லை. "றலியா சத்தியம் பண்ணினது என்னை நம்பி. அவளோட சத்தியத்த அவ திரும்ப எடுத்துக்கிறா. பொய் என்னோடது" என்று முடித்தாள்.

சேர் பையை மூடி முடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பார்த்தெழுதினால் தண்டிக்க என்னிடம் சட்டம் இருக்கிறது. வினாத்தாளைத் திருடினால் இருக்கிறது. பிழையென்று தெரிந்தும் நண்பர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை" என்றார். "உமது இருபது புள்ளியும் உமக்குத்தான். அதை நான் எடுக்க முடியாது."

"எடுத்துக்குங்க சேர்."

"முடியாது. சரியான விடை சரியான விடைதான்." அவர் பையைத் தூக்கிக்கொண்டார். "நீர் ஏன் என்னிடம் வந்து நிற்கிறீர்? பரீட்சையில் பிழையாக எழுதியது நானா? அவர்களிடம் போம்."

கதவுக்கு வெளியே றலியா இன்னும் நின்றாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். சேர் அவளைத் தாண்டும்போது தலையை மட்டும் அசைத்தார். அவளும் அசைத்தாள்.

கன்டீன் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தார்கள். றலியா ஓரடி முன்னால் போனாள். பிரேமிளா எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை.

உள்ளே மேசையை இழுத்துப் போட்டு, ரோல்ஸும் கேக்குமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அவளைக் கண்டதும் கிருஷாந் எழும்பிக் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்து தட்டினார்கள்.

"வாரும் மிஸ், இரும்! எங்களைக் காப்பாத்தின ஆள்!" என்று கிருஷாந் கதிரையைத் துடைத்து விட்டான்.

பிரேமிளா திரும்பிப் பார்த்தாள். றலியா வாசலில் நின்றுவிட்டாள். பக்கத்தில் வந்து நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

"இருக்கச் சொல்லாதீங்க" என்றாள் பிரேமிளா. "நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, இருக்கிறதா போறதான்னு."

அவள் சொல்லத் தொடங்கினாள். பக்கத்து மேசையில் இன்னும் யாரோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.